அந்தப் பட்டி சாகக்கூடாது

கோடை விடுமுறை தொடங்கியிருந்த சமயம். ஒருநாள் காலையில் எங்கள் காப்பகத்து போன் அடித்தது. அன்று போன் என் பொறுப்பில் இருந்தது. எடுத்தால் ஓர் ஆண் குரல். வணக்கமும் இல்லை, இன்னார் என்ற அறிமுகமும் இல்லை.

"உங்க பட்டி ஒண்ணு என் மகளைக் கடிச்சுட்டு. வந்து எடுத்தோண்டு போறியளா, இல்ல நாங்க தல்லிக் கொன்னு போடட்டா?"

எங்கள் பக்கத்தில் நாயைப் பட்டி என்றுதான் சொல்வோம். இப்படி ஒரு காப்பகம் இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்த பிறகு, தெருவில் திரிகிற பட்டி எல்லாமே எங்கள் பட்டி ஆகிவிட்டது. முதலில் எல்லாம் "அது எங்களுது இல்லீங்க" என்று வாதாடியிருக்கிறேன். பிறகு விட்டுவிட்டேன். பிள்ளைக்கு எங்கே கடி என்று கேட்டேன்.

"கெண்டைக்கால்ல. ஆஸ்பத்திரியில ஊசி போட்டாச்சு. பட்டி இங்கதான் நிக்கு. எல்லாவனும் கம்போட நிக்கானுவ."

"ஒண்ணும் செய்யாதீங்க. அரை மணிக்கூர்ல வாறோம்."

காப்பகம் என்றால் பெரிய கட்டடம் என்று நினைத்துவிட வேண்டாம். இரணியலுக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பு, அதற்குள் தேங்காய் போட்டு வைத்திருந்த ஓட்டுக் கொட்டகை, சுற்றிலும் கம்பிவலை அடித்த கூடுகள், பூனைகளுக்கென்று ஒரு தனி அறை. அவ்வளவுதான். இடம் ஒரு அம்மாவுடையது. குவைத்தில் நெடுங்காலம் நர்ஸாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். கால் ஒடிந்து கிடந்த ஒரு நாயை ஒருநாள் தூக்கிவந்தார், பிறகு தூக்கிவருவது நிற்கவில்லை. எல்லோருக்கும் அவர் சிஸ்டர். எனக்குத் தெரிந்து அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரு மழைக்காலத்தில், எங்கள் வகுப்பறை ஜன்னலுக்கு அடியில் நனைந்து கிடந்த பூனைக்குட்டியைப் பையில் வைத்து அங்கே கொண்டுபோனேன். விட்டுவிட்டு வந்துவிடலாம் என்ற எண்ணம். சிஸ்டர் குட்டியை வாங்கிப் பார்த்துவிட்டு, "வச்சிட்டுப் போ மக்கா. ஆனா ஞாயித்துக்கிழமை வந்து கூடு கழுவித் தரணும்" என்றார். ஞாயிறு ஆராதனை முடிந்து, சர்ச் சேலையை மாற்றிக்கொண்டு போனேன். அந்தப் பூனைக்குட்டியை ஒரு வீட்டார் அடுத்த மாதமே வளர்க்க வாங்கிப் போய்விட்டார்கள். நான் இன்னும் கழுவிக்கொண்டிருக்கிறேன்.

அங்கே யாருக்கும் சம்பளம் கிடையாது. காலையில் இரண்டு பேர் வந்து பிராய்லர் கடைகளில் கழித்துப்போடும் கோழிக்காலையும் தலையையும் அரிசியோடு போட்டு அவிப்பார்கள். இனயத்தில் இருந்து ஒரு அம்மா, விலை போகாத பொடிமீன் கிடைக்கும்போதெல்லாம் பஸ்ஸில் கொடுத்தனுப்புவார். ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கூடு கழுவுவது ஒரு சுற்று. மருந்து கொடுப்பது ஒரு சுற்று. வாரத்தில் ஒருநாள் கால்நடை டாக்டர் ஒருவர் வந்து குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துவிட்டுப் போவார். யார் எப்போது வருவது என்பதெல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில் முடிவாகும், அங்கேயே சண்டையும் நடக்கும்.

எங்களுக்கு ஒரே விதி, கொல்வதில்லை. பார்க்க வருகிறவர்கள் இதைக் கேட்டதும் பெரிய புண்ணியம் என்பார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. போகப் போகத்தான் அதன் மறுபக்கம் தெரிந்தது. கொல்லாத இடத்தில் கூடு காலியாவதில்லை. ஆகவே வருகிறவர்களில் பாதிப்பேரிடம் இடமில்லை என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லி அனுப்பிய குட்டி என்ன ஆனது என்று யாரும் வந்து சொல்வதில்லை. ஒருமுறை ரயிலில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே ஒன்றுமே மிச்சமில்லாமல் வந்த நாய்க்கு டாக்டர் ஊசி போட்டு முடித்துவைத்தார். அது கொலையா இல்லையா என்று எங்களுக்குள் பெரிய சண்டை. இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள். யார் சொன்னது சரி என்று இன்றைக்கும் என்னால் தீர்த்துச் சொல்ல முடியவில்லை.

அன்றைக்கு சிஸ்டரும் நானும் ஆட்டோவில் கிளம்பினோம். ஆட்டோ ஓட்டுகிற அண்ணனும் எங்களில் ஒருவர்தான். வலை போட்டு நாய் பிடிப்பதில் அவருக்குக் கை தேர்ந்திருந்தது. நாங்கள் போன தெருவில் பாதி கட்டி நின்ற வீடு ஒன்று. அதன் வாசலில் ஆட்கள், கையில் கம்பு, ஒருவர் கையில் கடப்பாரை. மாடிப்படிக்கு அடியில், சென்ட்ரிங் பலகைகளுக்கு நடுவே, செம்பட்டை நிறத்தில் ஒரு நாய் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. ஓட வழி இருந்தும் அது ஓடாமல் அங்கேயே நின்றதை நான் பார்த்தேன். ஆனால் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

போன் செய்தவர் முன்னால் வந்தார். நாற்பது வயதிருக்கும். நெற்றியில் மேல்நோக்கி இழுத்த வெள்ளை நாமம், சட்டையில் காய்ந்த சிமெண்டு. அந்த வீட்டுக்கு சென்ட்ரிங் வேலை எடுத்திருந்தவர் அவர்தான். வீடும் எதிரிலேயே.

"பிடிச்சோண்டு போயி விஷ ஊசி போட்டுருங்க. இது இனி இருக்கப்பிடாது."

சிஸ்டர் கையுறையை மாட்டிக்கொண்டே கேட்டார். "கடிச்ச இடத்தை சோப்பு போட்டுக் கழுவினியளா?"

"வீட்டுக்காரி கழுவினா. பைப்புல வச்சு நல்லா கழுவினா."

"அது பெரிய காரியம். இப்பம் நான் சொல்லுகதைக் கேளுங்க. வெறி பிடிச்ச பேய்ப்பட்டின்னா பத்து நாளைக்கு மேல உயிரோட இருக்காது. பத்து நாளும் இது தின்னு குடிச்சு நல்லா இருந்துதுன்னா, கடிக்கும்ப இதுக்கு ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். இப்பம் நீங்க தல்லிக் கொன்னா, உங்க பிள்ளைக்கு என்ன வரும் வராதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. இந்தப் பட்டி சாகக்கூடாதுன்னு ஊருலயே நீங்கதான் முதல்ல வேண்டிக்கிடணும்."

அவர் கையில் இருந்த கம்பைப் பார்த்தார். பக்கத்தில் நின்றவர்களிடம், "ஏலே, தள்ளி நில்லுங்கலே" என்றார்.

"அப்பம் பிள்ளைக்கு ஊசி போடுகது நிறுத்தலாமா?" என்று பின்னால் ஒருவர் கேட்டார்.

"நிறுத்தப்பிடாது! பட்டி நல்லா இருந்தாலும் டாக்டர் சொல்லாம ஒரு ஊசி விடப்பிடாது" என்று சிஸ்டர் அதட்டினார்.

ஆட்டோ அண்ணன் வலையைப் போட்டார். நாய் போராடியது. கூண்டுக்குள் தள்ளிக் கதவை அடைத்த பிறகும் அது அந்த மாடிப்படிப் பக்கமே திரும்பித் திரும்பிக் குரைத்தது.

காப்பகத்தில் அதைத் தனிக்கூட்டில் விட்டோம். எங்கள் எல்லோருக்கும் முன்கூட்டியே தடுப்பூசி போட்டிருந்தாலும் சிஸ்டரைத் தவிர யாரும் அந்தக் கூட்டுப் பக்கம் போகக்கூடாது என்று உத்தரவு. அன்று இருட்டிய பிறகு அவர்தான் கம்பி வழியாகக் குனிந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மக்கா, இதுக்க மடியைப் பாத்தியா? பால் கட்டி நிக்கு. இது தள்ளப்பட்டியாக்கும். குட்டி எங்க?"

அப்போதுதான் மாடிப்படி எனக்குப் புரிந்தது. மறுநாள் காலையில் ஆட்டோ அண்ணனும் நானும் அந்த வீட்டுக்குப் போய்ப் பலகைகளை விலக்கிப் பார்த்தோம். மணலில் ஒரு குழிவு இருந்தது, குட்டிகள் படுத்துப் படுத்து வழவழப்பான குழிவு. குட்டி ஒன்றுகூட இல்லை. அக்கம்பக்கத்தில் கேட்டோம். யாருக்கும் தெரியவில்லை. சென்ட்ரிங்காரரும் தலையை ஆட்டினார். "நான் ஒண்ணும் பாக்கலியே" என்றார்.

அன்று சாயங்காலம் அவர் காப்பகத்துக்கு வந்தார். உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியே பைக்கில் உட்கார்ந்தபடியே கேட்டார்.

"உயிரோட இருக்கா?"

"இருக்கு."

"தின்னுகா?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வைத்த சோறு வைத்தபடி இருந்தது. அதைவிட, தண்ணீர்ச் சட்டியை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வெறிநோய் என்றால் தண்ணீரைக் கண்டு பயப்படும் என்று படிக்காதவர்களுக்கும் தெரியும். நான் இல்லை என்று சொன்னதும் அவர் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை. "புது இடம், அதனால இருக்கலாம்" என்றேன். அவர் பைக்கைத் திருப்பிக்கொண்டு போனார்.

அடுத்த நாளும் வந்தார். இந்தத் தடவை பைக்கை நிறுத்திவிட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் ஒரு பாலித்தீன் பை, அதில் சூரைமீன் தலை. "இதாவது தின்னுகான்னு பாருங்க டீச்சர்" என்றார். சிஸ்டர் அதை அவித்து வைத்தார். நாய் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மூலையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. இடையிடையே எழுந்து கதவருகே வந்து நின்று, ஒரு மாதிரி மெல்லிய குரலில் ஊளையிடும். பிறகு திரும்பப் போய்ப் படுத்துக்கொள்ளும்.

"அது ஏன் அப்படிக் கரையுகு?" என்று கேட்டார்.

"குட்டி போட்ட நாய். குட்டியைத் தேடுது போல. தண்ணி குடிக்காததும் அதனாலயா, இல்ல வேற காரணமான்னு சிஸ்டருக்கே சொல்லத் தெரியல."

அவர் கேட்டுக் கம்பியை விட்டார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"குட்டியளை நானாக்கும் டீச்சர் கொண்டு போட்டது."

நான் கையில் இருந்த சோற்றுச் சட்டியைக் கீழே வைத்தேன்.

"நீங்க தள்ளையைக் கொண்டு போன அண்ணு சாயங்காலம், மாடிப்படிக்கு அடியில கிடந்து கத்துகு. எதிர்த்த வீடுல்லா, எல்லாம் கேக்கு. எனக்க மக, அந்தச் சத்தம் கேக்கக் கேக்கப் பேடிச்சு அழுகா. அவ குட்டியை எடுக்கத்தான் போயிருக்கா. அதுக்காக்கும் அது கடிச்சிருக்கு. எனக்கு வந்த தேச்சியத்துல, நாலு குட்டியையும் சிமெண்டுச் சாக்குல வாரிப் போட்டு, ரயில்வே ஸ்டேஷனுக்குப் பொறத்த ஓடைப் பக்கம் விட்டுட்டு வந்துட்டேன். சாக்கைக் கெட்டல டீச்சர். வாயைத் தொறந்துதான் விட்டேன்."

சாக்கைக் கட்டவில்லை என்பதை அவர் இரண்டு முறை சொன்னார். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவர் இரண்டு நாளும் தூங்கியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. திட்ட வேண்டும் போல இருந்தது. ஆனால் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. இருட்டினால் தேட முடியாது. ஆட்டோ அண்ணனை அழைத்தேன். மூன்று பேரும் கிளம்பினோம்.

ஓடைக்கரை முழுக்கச் செடி. அவர் விட்ட இடத்தில் சாக்கு இருந்தது, உள்ளே எறும்பு மொய்த்த ஒரு குட்டி. அவர் அதைக் கண்டதும் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். மற்றவை இல்லை. ஆட்டோ அண்ணன் நாக்கைத் தட்டிச் சத்தம் கொடுத்துக்கொண்டே தண்டவாளப் பக்கம் போனார். நான் ஸ்டேஷனை ஒட்டியிருந்த சாயாக்கடையில் போய்க் கேட்டேன்.

கடைக்காரர் பெரியவர். "குட்டியா? வா, வா" என்று கடைக்குப் பின்னால் அழைத்துப் போனார். பழைய பிஸ்கட் பெட்டியில் சாக்கு விரித்து இரண்டு குட்டிகள். ஒன்று தாயைப் போலவே செம்பட்டை, இன்னொன்று கறுப்பு. பாலில் ஊறிய பன் துண்டு மூக்கில் ஒட்டியிருந்தது.

"ஓடையில கிடந்து விளிச்சுது. மூணு எடுத்தோண்டு வந்தேன். ஒண்ணை ரயில்ல வந்த ஆரோ ஒரு பொண்ணு கொண்டுட்டுப் போச்சு. எந்தச் சண்டாளன் கொண்டு போட்டானோ" என்றார்.

சென்ட்ரிங்காரர் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். பெட்டியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார்.

காப்பகம் வந்ததும் சிஸ்டர் உடனே குட்டிகளைக் கூட்டுக்குள் விடுவார் என்று நினைத்தேன். அவர் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு இடுப்பில் கையை வைத்து நின்றார்.

"தள்ளைக்கு நோய் இருந்தா?"

பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார். "இருந்தா, இதுவளை அது ஏற்கெனவே நக்கியிருக்கும், கவ்வித் தூக்கியிருக்கும். இனிப் பிரிச்சு வச்சும் பிரயோஜனம் இல்ல. இல்லேன்னா, இதுவளைப் பால் இல்லாமக் கொல்லுகது நாமதான்னு ஆயிரும்."

நாங்கள் கொல்வதில்லை என்று சுவரில் எழுதி வைத்திருக்கவில்லை. எழுதியிருந்தாலும் அந்த நிமிஷத்தில் அது எதற்கும் உதவியிருக்காது. சிஸ்டர் நீளமான கையுறையை மாட்டினார். கதவைச் சாணளவு திறந்து, குட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே வைத்துவிட்டுச் சட்டென்று மூடினார்.

நாய் எழுந்தது. கறுப்புக்குட்டியை முகர்ந்தது. பிறகு அதைப் புரட்டிப் போட்டு வயிற்றை நக்கியது. செம்பட்டை அதற்குள் மடியைக் கண்டுபிடித்துவிட்டது. தாய் படுத்துக்கொடுத்தது. எவ்வளவு நேரம் அப்படிப் படுத்திருந்தது என்று தெரியவில்லை, நாங்கள் யாரும் அசையவில்லை. பிறகு அது குட்டிகளை உதறிவிட்டு எழுந்து, தண்ணீர்ச் சட்டியருகே போய், நாக்கை நீட்டி நக்கி நக்கிக் குடிக்கத் தொடங்கியது. சட்டி காலியாகும்வரை குடித்தது.

"சிஸ்டரே, தண்ணி குடிக்கு" என்றார் சென்ட்ரிங்காரர். எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஆனாலும் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். "தண்ணி குடிக்கு, டீச்சர். பாத்தியளா? குடிக்கு." அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. ஆட்டோ அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நிற்கிற ஆட்டோவின் கண்ணாடியைத் துடைத்தார்.

சிஸ்டர் மட்டும், "எழும்புங்க. குட்டியைத் தொட்ட கையி, போயி சோப்பு போட்டுக் கழுவுங்க முதல்ல" என்றார்.

மிச்ச நாட்களும் சென்ட்ரிங்காரர் தவறாமல் வந்தார். ஆனால் இப்போது கேட்டுக்கு வெளியே நிற்பதில்லை. நாய் நன்றாகத் தின்றது. கெடு முடிந்த அன்று டாக்டர் வந்து பார்த்து, ஒன்றுமில்லை என்று சொன்னார். சென்ட்ரிங்காரர் அன்று மகளையும் கூட்டிவந்திருந்தார். காலில் கட்டுப் பிரித்த இடத்தில் பற்களின் அடையாளம் கறுத்துத் தெரிந்தது. அவள் அப்பாவின் பின்னால் நின்றபடியே குட்டிகளைப் பார்த்தாள். அருகே வா என்று நாங்கள் யாரும் கூப்பிடவில்லை.

குட்டிகள் பால்குடி மறந்த பிறகு தாய்க்கு ஆபரேஷன் ஆனது, தடுப்பூசி போட்டாயிற்று, அடையாளத்துக்குக் காது நுனியில் சின்னதாக வெட்டு. பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்பதுதான் சட்டம். பிடிக்கிறதைவிட விடுகிறதுதான் எங்களுக்கு எப்போதும் கஷ்டம். அந்தத் தெருவுக்குக் கூண்டோடு போனபோது பெண்கள் வெளியே வந்துவிட்டார்கள். "பிள்ளையளைக் கடிச்ச சாதனத்தை எதுக்கு இங்க கொண்டு வாறிய?" என்று ஒருத்தி கத்தினாள்.

சென்ட்ரிங்காரர் கூண்டின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். "எனக்க பிள்ளையைத்தானே கடிச்சுது, எனக்கு இல்லாத கேடு உங்களுக்கு என்ன? ஊசி போட்டிருக்கு. இனிக் குட்டி போடாது" என்றார். அவர் குரல் அவ்வளவு உறுதியாக இல்லை. கூண்டைத் திறந்தபோது நாய் எங்களைக் கடந்து, யாரையும் பார்க்காமல், வாய்க்கால் பக்கம் ஓடிப்போனது.

எல்லாம் சுபமாக முடிந்துவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். அந்தத் தெருவில் இரண்டு வீட்டார் இன்னும் அவரோடு பேசுவதில்லை. அவர் மகள் நாயைக் கண்டால் இப்போதும் சாலையின் மறுபக்கம் போய்விடுகிறாள். அதற்காக நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன். சாயாக்கடைப் பெரியவர் கறுப்புக்குட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டார், அது ஆண். செம்பட்டை பெண்குட்டி. பெண்குட்டியை எங்கள் பக்கத்தில் யாரும் வாங்குவதில்லை. சென்ட்ரிங்காரரிடம் ஒருமுறை கேட்டுப் பார்த்தேன்.

"இல்ல டீச்சர். வீட்டுல பிள்ளைக்குப் பேடி. எனக்கும் முழுசாப் போகல" என்றார்.

ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை என்பதால் எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது. போன மழைக்கு முன்னால் அவரே நாலு ஆட்களோடு வந்து, சகதியாகக் கிடந்த கூடுகளின் தரையைச் சிமெண்டு பூசிக் கொடுத்தார். தண்ணீர் வழிந்தோட ஒரு பக்கம் சரிவு வைத்து, கம்பெடுத்துத் தட்டித் தட்டிச் சரிபார்த்துவிட்டுத்தான் போனார். கழுவுவது இப்போது எனக்குப் பாதி நேரத்தில் முடிகிறது. செம்பட்டைக்குட்டி பெரிதாகிவிட்டது. நான் கழுவும்போது ஈரத் தரையில் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மறுக்கும். அதைச் சுற்றித்தான் துடைப்பத்தை ஓட்ட வேண்டியிருக்கிறது.